ஸ்டாவோரன் வரை

அதிகாலை மூன்று பத்துக்கு அழைப்பு.
ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.
இறந்தவர் பொறுத்திருப்பார்,
ஆர்.என்.ஏ. பொறுத்திருக்காது.

லேவர்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு
கடலை மறித்த அணைச்சாலை வழியே வண்டி வந்தது.
காற்று பலம், என்றார் ஓட்டுநர் கையெழுத்திட்டபடி.
ஹெர்லோஃப், தொண்ணூற்று மூன்று வயது,
படகுகளுக்குப் பாலம் தூக்கிவிடும் வேலை பார்த்தவர்.
சாகிற வாரம்கூடச் சீட்டாட்டத்தில்
தங்கை மகளை ஏமாற்றி ஜெயித்தவர்.
எடை: ஆயிரத்து முந்நூற்று இருபது கிராம்.

தங்கை யெல்ட்யே
நான்கு வருடமாய் இங்கேதான் இருக்கிறாள்,
கழித்தல் எண்பது டிகிரியில்,
மூன்றாம் தட்டில், எண்ணிட்ட துண்டுகளாக.
அவள் தொள்ளாயிரத்து எழுபது.

இருவருக்கும் ஒரே எழுத்துப்பிழை.
பத்தொன்பதாம் குரோமோசோமில்
தைமின் நிற்க வேண்டிய இடத்தில் சைட்டோசின்,
தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று.
பிழை என்பதும் சரியில்லை;
மனிதருக்கு முதலில் இருந்தது இந்த எழுத்துதான்.
மற்றது பிற்பாடு வந்த திருத்தம்.

தலையெழுத்து என்று
யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்:
எழுதியிருப்பது வேறு, வாசிப்பது வேறு.
ஒவ்வொரு செல்லிலும் முழுப் புத்தகம்.
ஈரல் ஒரு பக்கத்தை வாசிக்கும், விழி வேறொன்றை.
மெய்யின் தலையில் புள்ளி வைத்தால்
உள்ளிருந்த உயிர் அடங்கிவிடுகிறதே,
அப்படி ஒரு புள்ளி, மெத்தில்,
மரபணுவின் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தால்
எழுத்து அங்கேயே இருக்கும்.
பேசாது.

யெல்ட்யேயின் திசுவை அரைத்து வாசித்தபோது
நரம்புச் சந்திகளின் மரபணுக்கள்
குற்றியலுகரம்போல் அரை மாத்திரைக்குத் தேய்ந்திருந்தன.
காவல் செல்களில் மட்டும் ஒரே அளபெடை:
திருடன் போன பிறகும் நிறுத்தத் தெரியாமல்
குரைத்துக்கொண்டிருக்கும் நாய்.

அவள் மகள் ஹிஸ்கே முன்பொருமுறை சொன்னது:
இளமையில் அம்மா பதினோரு ஊர்ப் பந்தயத்தில்
கால்வாய்ப் பனிமேல் இருநூறு கிலோமீட்டர் சறுக்கியவள்.
கடைசியில் மகளின் பெயர் போயிற்று,
கரண்டி எதற்கென்பது போயிற்று.
ஊர்களின் வரிசை மட்டும் கொஞ்சம் மிச்சம்.
ஸ்னேக், ஐல்ஸ்ட், ஸ்லோடன், ஸ்டாவோரன்.
ஸ்டாவோரனில் நின்றுவிடுவாள்.
மறுபடி லேவர்டனிலிருந்து கிளம்புவாள்.

பந்தயத்தன்று பனி மெலிந்த இடங்களில்
ஊரார் கரையில் கம்பளம் விரிப்பார்களாம்.
காலில் மாட்டிய கத்தியைக் கழற்றாமலே
அதன்மேல் தத்தித் தத்தி நடந்து
அந்தப் பக்கம் திரும்பப் பனியில் இறங்க வேண்டும்.

ஹெர்லோஃபின் முன்மூளைத் துண்டை
ஆறாம் எண் குப்பியில் போட்டேன்.
அவர் தலைக்குள்ளும் படிவு இருக்கலாம். நிறையவே.
அதே எழுத்து, அதே மெலிந்த பனி.
எங்கோ யாரோ கம்பளம் விரித்திருக்கிறார்கள்.
எந்த மரபணு, எந்தச் செல், எந்த வயதில்?
வரைபடத்தில் இருபதாயிரம் புள்ளிகள்.
அவற்றில் ஒன்றாயிருக்கலாம்.
எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

ஒன்பது மணிக்கு ஹிஸ்கே.
விதிப்படி நான் எடுக்கக்கூடாத அழைப்பு.
அம்மாவுக்கும் மாமாவுக்கும் என்ன வித்தியாசம் என்று
கேட்பாளென்று தயாராயிருந்தேன்.
"அணைச்சாலையில் காற்று அதிகமா?
அவருக்கு வண்டி ஆட்டம் ஆகாது" என்றாள்.
இல்லை என்று பொய் சொன்னேன்.

அவளுடைய சோதனை முடிவு
இரண்டு வருடமாய்ப் பிரிக்காத உறைக்குள் கிடக்கிறது.
ஒரு பிரதி அவளுக்கு உண்டென்று
கூட்டல் தெரிந்த எவருக்கும் தெரியும்.
உள்ளே இருப்பது, இரண்டாவதும் உண்டா என்பது.
"உறையின் முதுகில்தான் சீட்டுக்கணக்கு எழுதினோம்.
மாமா நாற்பது, நான் பதினேழு.
கிழிக்க மனம் வரவில்லை."

என்ன சொல்வதென்று தெரியாமல்
ஸ்டாவோரனுக்கு அடுத்த ஊர் எது என்று கேட்டுவிட்டேன்.

மறுமுனையில் சத்தமில்லை.
அந்த இரண்டு மூன்று விநாடி
இருவருமே எதற்குப் பயந்தோம் என்று
இருவருக்கும் தெரியும்.

"ஹிண்டலோபன்" என்றாள்.